பசுமை இல்லம், பசுங்குடில், பச்சைவீடு: இந்தச் சொல்லில் இருக்கும் பசுமை எது?

#1 சொல்லேர்

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு அறிவியல் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கட்டடம் ஒன்று வருகிறது. இரண்டு பக்கம் தள்ளி, பூமி சூடாவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அதே சொல் வாயுவுக்கு அடைமொழியாக வருகிறது. எல்லோரும் எழுதுவதுபோல நானும் 'பசுமை இல்லம்', 'பசுமை இல்ல வாயு' என்று எழுதி முடித்தேன்.

எழுதியதை ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கேட்டாள்: "பசுமைன்னா நல்லதுதானேம்மா? அப்போ பசுமை இல்ல வாயுவை எதுக்குக் குறைக்கணும்?"

பதில் சொல்லத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டேன். அந்தக் கட்டடத்தை ஏன் 'பசுமை' என்கிறோம் என்பதே எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கட்டடம் பச்சை நிறமில்லை. உள்ளே செடி இருப்பதால் என்றால் தோட்டத்தையும் வயலையும் ஏன் அப்படிச் சொல்வதில்லை? அப்புறம் அது இல்லமா, குடிலா, வீடா? மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. சொல்லின் பிறப்பு தெரிந்தால் எதை எழுதலாம் என்று முடிவெடுக்க முடியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நிழல்வலை

அக்கா, நான் பதினோரு வருடமாக இந்தக் கூரைகளுக்குக் கீழேதான் வேலை செய்கிறேன். எங்கள் வாயில் வருவது 'பாலிஹவுஸ்'. வலை மட்டும் போட்டிருந்தால் 'ஷேட் நெட்'. படிவத்திலும் பயிற்சிக் கையேட்டிலும் மட்டும் பசுமைக்குடில், நிழல்வலைக்குடில் என்று இருக்கும். ஆகவே 'குடில்' எனக்குப் பழகிய சொல். 'பசுமை இல்லம்' என்பதைப் பாடப் புத்தகத்துக்கு வெளியே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

உங்கள் மகள் கேட்டது எனக்கு இன்னொரு விதமாகவும் புரிகிறது. குடிலை அடைத்து வைத்திருக்கும் நாளில், வெயில் ஏறியதும் செடிகள் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வேகமாக இழுத்துக்கொள்ளும். வெளிக்காற்றில் இருப்பதைவிட உள்ளே குறைந்துபோகும். செடி வாடாது, ஆனால் வளர்ச்சி மட்டுப்படும். அதனால் பல இடங்களில் குழாய் வைத்து அந்த வாயுவை உள்ளே விடுவார்கள். வெளிக்காற்றில் இன்று பத்து லட்சத்துக்கு 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. குடிலுக்குள் 800, 1000 வரை ஏற்றுவது உண்டு. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் நன்றாகவே காய்க்கும்.

அதனால் 'பசுமை இல்ல வாயு' என்று முதலில் படித்தபோது, குடிலுக்குள் நாங்கள் திறந்துவிடுகிற வாயுவைத்தான் சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாங்கள் செடிக்குக் கொடுக்கும் சாப்பாடுதான் உலகத்தைச் சுடுகிறதோ என்று மனதுக்குக் கஷ்டமாகவே இருந்தது. சொல் அப்படித்தானே சொல்கிறது? இல்லத்தின் வாயு, இல்ல வாயு. அது ஓர் உவமை என்று யாரும் சொல்லித் தரவில்லை.

#3 வேர்ச்சொல்

சொல்லேர், முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். நம் சொற்கள் மூன்றும் அதிலிருந்து பெயர்க்கப்பட்டவைதாம்.

'கிரீன்ஹவுஸ்' என்ற சொல் 1660களில் எழுத்துக்கு வருகிறது. தோட்டக்கலையில் தோய்ந்தவரான ஜான் ஈவ்லின் 1664இல் வெளியிட்ட தோட்டக்காரர் நாட்காட்டியில் இத்தகைய கட்டடங்களைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்தில் 'கிரீன்' என்பது இங்கே நிறப்பெயர் அல்ல. 'கிரீன்ஸ்' என்று தோட்டக்காரர்கள் சொன்னது என்றும் இலை உதிராத செடிகளை: ஆரஞ்சு, எலுமிச்சை, மிர்ட்டில் போன்றவை. வெப்பமான தென்பகுதிகளிலிருந்து கொண்டுவந்த அந்தச் செடிகள் வடக்கின் பனியைத் தாங்கமாட்டா. அவற்றைப் பெரிய மரப்பெட்டிகளில் வளர்த்து, இலையுதிர் காலத்தில் உள்ளே உருட்டிக்கொண்டுபோய் வைத்து, வசந்தத்தில் வெளியே எடுப்பார்கள். 'கிரீன்ஸ்' தங்கும் வீடு, அதனால் 'கிரீன்ஹவுஸ்'. குதிரை நிற்கும் இடம் குதிரை லாயம் ஆவதுபோல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முதல் கட்டடங்கள் இன்று நாம் நினைப்பதுபோல முழுக்கக் கண்ணாடியும் அல்ல. மேலே சாதாரணக் கூரைதான் இருந்தது, தெற்குப் பக்கம் மட்டும் உயரமான சன்னல்கள். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று உறங்கும் மரத்துக்கு அவ்வளவு வெளிச்சம் போதும். அங்கே செடியை வளர்க்கவில்லை, காப்பாற்றி வைத்தார்கள். ஈவ்லினே 1685இல் லண்டனின் செல்சி மருந்துத் தோட்டத்துக்குப் போய், தரைக்கு அடியில் அடுப்பு வைத்து மேலே செடிகளுக்குச் சூடு அனுப்பும் ஏற்பாட்டைப் பார்த்து வியந்திருக்கிறார். மலிவான கண்ணாடியும் இரும்புச் சட்டமும் வந்து கூரையும் கண்ணாடியான பிறகுதான் 'காக்கும் வீடு' என்பது 'வளர்க்கும் வீடு' ஆனது. பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

ஆக, உங்கள் கேள்விக்கு முதல் பாதிப் பதில்: அந்தப் பசுமை ஒரு பண்பு அல்ல, ஒரு பொருள். பச்சையான வீடு இல்லை, பச்சைகளின் வீடு.

#4 தாழ்வாரம்

நாங்கள் இலங்கையில் படித்த பாடநூல்களில் 'பச்சைவீட்டு விளைவு', 'பச்சைவீட்டு வாயுக்கள்' என்றுதான் இருந்தது. எனக்கு 'பசுமை இல்லம்' என்பதே பின்னாளில் வாசித்துத் தெரிந்துகொண்ட சொல்.

'பச்சைவீடு' என்று முதலில் கேட்டபோது பச்சைச் சாயம் பூசிய வீடுதான் மனதில் வந்தது. ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. 'பச்சை' என்பதற்குப் 'பசுமை'க்கு இருக்கிற புகழ்ச்சி இல்லை. பச்சைவீட்டு வாயு நல்லது என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் நினைத்ததாக நினைவில்லை. 'பசுமை' என்றால் இப்போது சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. சூரியத் தகடு வைத்துக் கட்டிய வீட்டையும் பசுமை வீடு என்கிறார்கள். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

மறுபக்கம், 'பச்சை'க்கு வேறொரு சிக்கலும் உண்டு. பச்சைத் தண்ணீர் என்றால் சூடாக்காத தண்ணீர். பச்சை மண் என்றால் சுடாத மண். சூட்டைப் பிடித்து வைக்கிற வீட்டுக்குச் 'சூடுபடாத' என்ற நிழல் விழுகிற சொல்லா என்று யோசித்திருக்கிறேன்.

#5 வேர்ச்சொல்

தாழ்வாரம் எழுதியது மிக நல்ல குறிப்பு. பச்சை, பசுமை இரண்டும் ஒரே வேர். அந்த வேரின் பொருள் நிறத்தில் தொடங்கவில்லை, அல்லது நிறத்தோடு நிற்கவில்லை. ஈரம், இளமை, புதுமை, உலராமை எல்லாம் அதற்குள் அடக்கம். பச்சிளங் குழந்தை பச்சை நிறமா? பசும்பொன் பச்சை நிறமா? 'பசுமையான நினைவு' என்கிறோமே, அது வாடாத நினைவு. காய்ந்து போகாதது எதுவோ அது பசுமை. பனிக்காலத்திலும் இலை வாடாமல் நிற்கும் செடிகளை வைத்துக் காத்த வீட்டுக்கு இந்தச் சொல் தற்செயலாகவே எவ்வளவு பொருந்துகிறது, பாருங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த ஒற்றுமை வேறொன்று. பண்பைச் சொல்லி அந்தப் பண்புள்ள செடியைக் குறிப்பது ஆங்கிலேயர் மட்டும் செய்த வேலை அல்ல. 'பைங்கூழ்' என்றால் பயிர். "பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்று முடிகிற 550ஆம் குறளை எல்லோரும் படித்திருப்போம். அங்கே கூழ் என்பது குடிக்கிற கூழ் அல்ல, வயலில் நிற்கும் பயிர். பச்சிலை என்றாலும் வெறும் பச்சை நிற இலை என்று நாம் புரிந்துகொள்வதில்லை, மருந்துக்கு உதவும் இலை என்றுதான் கொள்கிறோம். ஆகவே பசுமை என்ற அடை செடியையே குறிக்கிற பழக்கம் தமிழில் பழையது.

சொல்லைச் சேர்க்கும் முறையைப் பற்றி இரண்டு வரி. பண்புப் பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது 'மை' போய்விடும். நன்னூல் 136 இந்த மாற்றங்களை வரிசையாகச் சொல்கிறது: ஈறு போதல், ஆதி நீடல், அடியகரம் ஐ ஆதல், தன்னொற்று இரட்டல், இனம் மிகல். பசுமை + குடில் என்றால் மை கெட்டு, இனமெல்லெழுத்து மிக்கு, பசுங்குடில். அடியகரம் ஐ ஆனால் பைங்குடில். இரண்டும் சரி, இரண்டையும் எழுதுகிறார்கள். பசுமை + இலை எப்படிப் பாசிலை, பச்சிலை என்று இரு வடிவம் எடுக்கிறதோ, அப்படிப் பசுமை + இல்லம் என்பது பாசில்லம் அல்லது பச்சில்லம் என்று ஆகியிருக்கலாம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பசுமை இல்லம் என்று இரண்டு சொல்லாகவே வைத்துவிட்டார்கள். அதனால்தான் அது பெயராக இறுகாமல் 'பசுமையான இல்லம்' என்று விளக்கம்போல ஒலிக்கிறது.

கன்னடத்தில் இதை 'ஹசிருமனெ' என்கிறார்கள். நம் பகரம் அங்கே ஹகரம் ஆகும் (பால், ஹாலு, பல், ஹல்லு). ஹசிரு நம் பசுமையின் உடன்பிறப்பு, மனெ நம் மனை. அவர்களுக்கு அது இறுகி ஒரே சொல்லாக வாய்த்துவிட்டது.

#6 ஒற்றுமிகும்

வேர்ச்சொல் ஐயா, பசுங்குடிலுக்கு நீங்கள் சொன்ன இலக்கணம் சரி. ஆனால் காதில் விழும்போது? மாட்டுப் பசுவும் மெல்லெழுத்து பெறுகிறதே. பசும்பால், பசுஞ்சாணம், பசுந்தயிர். அதே வரிசையில் பசுங்குடில் என்றால் மாட்டுக்கொட்டில் என்று கொள்ள இடம் இருக்கிறது. நான் மெய்ப்புத் திருத்துகிற வேலையில் இருப்பவன். ஒரு கட்டுரையில் 'பசுங்குடில்' என்று சரியாக இருந்ததை, அச்சுக்குப் போகும் முன் யாரோ 'பசுக்குடில்' என்று "திருத்தி" வைத்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறேன். ஓர் எழுத்து மாறினால் செடி போய் மாடு வந்துவிடும் என்றால் அந்தச் சொல்லைப் பிள்ளைகளிடம் கொடுக்க எனக்குத் தயக்கம். பைங்குடிலில் இந்தத் தொல்லை இல்லை. பசுமைக்குடிலிலும் இல்லை.

#7 அயற்சொல்

மற்ற மொழிக்காரர்கள் இந்தக் கட்டடத்தில் எதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்று கொஞ்சம் பார்க்கலாமா? இது எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு.

சூட்டைப் பார்த்தவர்கள்: சீனம், ஜப்பான் இரண்டிலும் எழுதுவது 'வெம்மை அறை' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள். ரஷ்ய மொழியில் 'தெப்லித்சா', வெதுவெதுப்பு என்ற சொல்லிலிருந்து. போர்ச்சுகீசியத்தில் 'எஸ்துஃபா', அடுப்பைக் குறிக்கும் ஸ்டவ் என்ற சொல்லுக்கு உறவு. ஆங்கிலத்திலும் 'ஹாட்ஹவுஸ்' உண்டு, ஆனால் அது செடிக்கு வருவதற்கு முன்னால் இருநூறு ஆண்டுக்கு மேலாக வெந்நீர்க் குளியல் வீட்டைக் குறித்தது.

கண்ணாடியைப் பார்த்தவர்கள்: போலந்துக்காரர்கள், செக் மக்கள். 'ஸ்க்லார்னியா', 'ஸ்க்லெனீக்' இரண்டும் கண்ணாடி என்ற சொல்லில் பிறந்தவை.

வேலையைப் பார்த்தவர்கள்: ஜெர்மனியில் 'ட்ரைப்ஹவுஸ்' என்றால் விரட்டும் வீடு. செடியைப் பருவத்துக்கு முன்னாலேயே பூக்கவும் காய்க்கவும் விரட்டுவது. டேனிஷ் மொழியிலும் அதே எண்ணம். பிரெஞ்சில் 'சேர்', இறுக்கிப் பூட்டி வைப்பது என்ற வினையிலிருந்து.

பருவத்தைப் பார்த்தவர்கள்: ஸ்பானியர்கள். 'இன்வெர்னதேரோ', குளிர்கால இடம்.

செடியையே பார்த்தவர்கள்: பின்லாந்தில் 'கஸ்விஹுவோனெ', செடி அறை. ஜெர்மனியின் இன்னொரு சொல் 'கெவெக்ஸ்ஹவுஸ்', அதுவும் செடி வீடு. ஆங்கிலத்தின் 'கிரீன்ஸ்' வீடும் உண்மையில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்று வேர்ச்சொல் ஐயா சொன்னதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

பெயர் வருவதற்கு முன்பே பொருள் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ரோமப் பேரரசர் திபேரியஸுக்கு அன்றாடம் வெள்ளரி வேண்டும் என்பதற்காகச் சக்கரம் வைத்த பாத்திகளை வெயிலில் தள்ளி, குளிர் நாளில் ஒளி ஊடுருவும் கல்லின் தகடுகளால் மூடி வைத்ததாக பிளினி எழுதியிருக்கிறார். அந்தக் கல்மூடிக்கு 'ஸ்பெகுலாரியா' என்று பெயர். கொரியாவில் 1450களில் ஓர் அரச மருத்துவர் எழுதிய சமையல் நூலில், தரைக்குக் கீழே அனல் ஓட்டி, எண்ணெய் தோய்த்த தாளைக் கூரையாகப் போட்டுக் கீரை வளர்க்கும் முறை இருக்கிறது. அதற்கு அவர் வைத்த தலைப்பு 'குளிர்காலத்தில் கீரை வளர்த்தல்' என்பதுதான்.

#8 நிழல்வலை

அயற்சொல், இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சூடு, கண்ணாடி, குளிர்காலம் என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கண்ணாடி போய்விட்டது. 1948இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமர்ட் என்பவர் கண்ணாடிக்குப் பதிலாக மரச்சட்டத்தில் செலோபேன் தாளைக் கட்டிப் பார்த்தார். அங்கிருந்து பாலித்தீன் வந்தது. இன்று உலகத்தில் பெரும்பாலான குடில்களுக்குப் பாலித்தீன்தான் கூரை. 'கண்ணாடி வீடு' என்று அழைத்துக்கொண்டு பாலித்தீனுக்குக் கீழே நிற்க வேண்டியதுதான்.

சூடும் எல்லா இடத்திலும் இல்லை. வெப்பமான பகுதியில் குடிலின் முதல் வேலையே சூட்டைக் குறைப்பது. ஒரு சுவரில் ஈர அட்டை, எதிர்ச் சுவரில் பெரிய விசிறி. விசிறி காற்றை வெளியே இழுக்க, ஈர அட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். நிழல்வலையில் அதுவும் கிடையாது, வெயிலைப் பாதியாக வெட்டுவதுதான் வேலை. ஸ்பெயினில் அல்மேரியா பக்கம் முப்பதாயிரம் எக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை பரந்து கிடக்கிறது. அங்கே கோடையில் கூரைமேல் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், வெயில் திரும்பிப் போகட்டும் என்று. அந்த வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அந்தப் பகுதியே சற்றுக் குளிர்ந்திருப்பதாக அளந்து சொல்லியிருக்கிறார்கள். 'குளிர்கால இடம்' என்ற பெயரோடு கோடை வெயிலைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

செடியைச் சொல்லிப் பெயர் வைத்தவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை வரவில்லை. கூரை எதுவானாலும், உள்ளே சூடோ குளிரோ, செடி இருக்கும். அதனால் 'பசுமை'யை நான் விடமாட்டேன். அது நம் சொல்லுக்கு நல்ல அடித்தளம்.

#9 வேர்ச்சொல்

நிழல்வலை, இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். நன்றி.

அயற்சொல் விட்டுவிட்ட ஒரு சொல்லை நான் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'ஆரஞ்சரி'. ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்கும் மாளிகை. பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையில் ஆர்துவான்-மான்சார் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது புகழ்பெற்றது, அதன் நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம். ரஷ்யர்கள் 'ஒரன்ஷெரேயா' என்று அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, ஆரஞ்சு இல்லாத செடி வீட்டையும் அப்படியே அழைக்கிறார்கள்.

ஆரஞ்சு என்ற பெயரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போங்கள். பிரெஞ்சு 'ஒரான்ஷ்', அதற்கு முன் இத்தாலியில் 'அரான்சியா'. ஸ்பானியத்தில் இன்னும் முதல் எழுத்து தப்பிக் கிடக்கிறது: 'நரான்ஹா'. அரபியில் 'நாரஞ்ச்'. பாரசீகத்தில் 'நாரங்'. வடமொழியில் 'நாரங்க'. வடமொழிக்கு அது திராவிடத்திலிருந்து போயிருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. நம்மிடம் நாரத்தை இருக்கிறது, நரந்தம் இருக்கிறது. வழியில் எங்கோ, முதலில் இருந்த 'ந' என்ற எழுத்து, 'ஒரு' என்று பொருள்பட முன்னால் நின்ற 'உன்' என்ற சொல்லோடு ஒட்டிக் கரைந்துபோனது.

நாரத்தையாகக் கிளம்பியது, பல கடல் தாண்டி, தலையெழுத்தை இழந்து, 'ஆரஞ்சு' என்று நம்மிடமே கடன்சொல்லாகத் திரும்பியிருக்கிறது. நடுவில் ஐரோப்பாவின் குளிரில் அதற்கென்று ஒரு மாளிகையும் கிடைத்தது. செடி வீட்டுக்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடுகிறோம். உலகத்தின் செடி வீட்டுப் பெயர்களில் ஒன்றின் வேர் இந்தப் பக்கம் நீண்டிருக்கலாம் என்ற நினைப்பே எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

#10 வளிமண்டலம்

நான் இயற்பியல் கற்பிக்கிறேன். இந்த இழையில் வாயுவைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று காத்திருந்தேன்.

சொல்லேர் கவனிக்க வேண்டிய செய்தி இது: அந்த வாயுவுக்குக் கட்டடத்தின் பெயரைக் கொடுத்ததே அறிவியல்படி சரியான உவமை அல்ல. 1824இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூரியே பூமியின் வெப்பத்தைப் பற்றி எழுதியபோது, சோசூர் என்ற அறிவியலாளர் செய்த கண்ணாடி மூடிய பெட்டியைத்தான் எடுத்துக்காட்டினார். 1856இல் யூனிஸ் ஃபூட், 1859இலிருந்து டிண்டல் என்று இவர்கள் எந்த வாயு வெப்பத்தைப் பிடிக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். 1896இல் அர்ரேனியஸ் கணக்கே போட்டார். இவர்கள் யாரும் அதற்கு இந்தப் பெயர் வைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் செடி வீட்டு உவமை நிலைத்தது.

நிலைத்த கொஞ்ச காலத்திலேயே, 1909இல், ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் ஒரு சின்னச் சோதனை செய்தார். கறுப்பு அட்டை ஒட்டிய இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றொன்றுக்குக் கல்லுப்பில் செதுக்கிய தகடு மூடி. கண்ணாடி வெப்பக் கதிரை வெளியே விடாது, கல்லுப்பு விட்டுவிடும். செடி வீடு சூடாவது வெப்பக் கதிர் சிக்கிக்கொள்வதால்தான் என்றால் கண்ணாடிப் பெட்டி அதிகம் சூடாக வேண்டும். இரண்டும் ஏறக்குறைய 55 டிகிரிக்கு வந்தன, வேறுபாடு ஒரு டிகிரிகூட இல்லை. பெரும்பங்கு வேலையைச் செய்தது மூடிதான்: சூடான காற்று மேலே எழுந்து போய்விடாமல் அடைத்தது. வாயு அப்படி எதையும் அடைப்பதில்லை. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை வாங்கி, ஒரு பங்கைக் கீழே திருப்பி அனுப்புகிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

வகுப்பில் நான் இதைத் தவறாமல் சொல்வேன். கூடவே, இந்த வாயுக்களே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இப்போது இருக்கும் 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 ஆக இருக்கும் என்பதையும் சொல்வேன். உங்கள் மகளுக்கு "இது கெட்ட வாயு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அளவு கூடுவதுதான் பிரச்சினை.

என் கருத்து: கட்டடத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சரி. வாயுவுக்கு அந்தப் பெயரை ஒட்டாமல், 'வெப்பம் பிடிக்கும் வாயு' என்று எழுதுங்கள்.

#11 தாழ்வாரம்

வளிமண்டலம் சொல்வது உண்மை. ஆனால் பிள்ளை நாளைக்குப் பரீட்சைத் தாளில் பார்க்கப்போவது 'பசுமை இல்ல வாயு' அல்லது 'பச்சைவீட்டு வாயு' என்பதைத்தானே? செய்தியிலும் அதுதான் வரும். வேறு பெயரை மட்டும் படித்துவிட்டுப் போனால் அங்கே திணறும். பிழையான உவமையாக இருந்தாலும் உலகம் முழுக்க அந்த உவமையில்தான் பேசுகிறார்கள். நானே ஒரு தமிழ்ச் சொல்லைப் படித்துவிட்டு இன்னொரு தமிழ்ச் சொல்லில் வாசிக்க நேர்ந்து தடுமாறியவள், அதனால் சொல்கிறேன். இரண்டையும் கொடுங்கள்.

#12 ஒற்றுமிகும்

இல்லமா குடிலா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என் ஓட்டு குடிலுக்கு இல்லை. குடில் என்றால் சிறியது, தழையும் ஓலையும் வேய்ந்தது. லண்டனின் கியூ தோட்டத்துப் பனை வீடு 1844இல் தொடங்கி 1848இல் முடிந்தது. 110 மீட்டர் நீளம், நடுவில் ஏறக்குறைய 20 மீட்டர் உயரம், முழுக்க இரும்பும் கண்ணாடியும். பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845இல் நீங்கிய பிறகு அப்படிப்பட்டவை பெருகின. அதைக் குடில் என்று எழுதக் கை வரவில்லை.

#13 அயற்சொல்

நான் இல்லத்துக்கு ஒரு சாட்சி தருகிறேன். ஆங்கிலத்தில் செடி வீட்டுக்கு இன்னொரு பெயர் 'கன்சர்வேட்டரி', காத்து வைக்கும் இடம். இசைப் பள்ளிக்கும் அதே பெயர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளைக் காத்து வளர்த்த இடங்களுக்குக் 'கன்செர்வதோரியோ' என்று பெயர். அங்கே பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார்கள், அந்த இசை புகழ்பெற்று, பெயர் இசைப் பள்ளிக்குப் போனது. பிள்ளையைக் காத்த சொல்லும் குளிர் தாங்காத செடியைக் காத்த சொல்லும் ஒரே வேர்.

தமிழில் நாம் குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம் என்கிறோம். வெளியே தனியாக விட முடியாதவர்களை வைத்துக் காக்கிற இடம் இல்லம். வேர்ச்சொல் ஐயா சொன்ன அந்த முதல் கட்டடங்கள் செய்ததும் அதைத்தானே.

#14 நிழல்வலை

அயற்சொல் சொன்னது மனதைத் தொடுகிறது, உண்மையாகவே. அரண்மனை வீட்டுக்கும் கியூ தோட்டத்துக்கும் இல்லம் என்றே இருக்கட்டும். ஆனால் நாங்கள் நிற்பது நான்கு கம்பி, ஒரு தாள், ஒரு வலை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கிழியும், மறுநாள் தைப்போம். அது குடில்தான். வேலை செய்கிறவர்கள் வாயில் பாலிஹவுஸுக்கு அடுத்தபடி வருகிற தமிழ்ச் சொல்லும் குடில்தான். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இல்லாததை ஏன் தேட வேண்டும்?

#15 சொல்லேர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முடிவு செய்ததைச் சொல்கிறேன்.

கட்டடத்துக்குப் 'பசுமைக்குடில்'. நிழல்வலையின் காரணம் போதும்: அங்கே வேலை செய்கிறவர்களின் சொல் அது. பசுங்குடிலை ஒற்றுமிகும் சொன்ன காரணத்துக்காக விட்டேன், பைங்குடில் அழகாக இருந்தும் பிள்ளைகளுக்கு உடனே விளங்காது என்று தோன்றியது. முதல் முறை வரும் இடத்தில், "பனியும் கடும் வெயிலும் தாக்காமல் செடிகளை வைத்து வளர்க்கும் கட்டடம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கண்ணாடி என்ற சொல்லை அந்த வரியில் வேண்டுமென்றே போடவில்லை.

வாயுவுக்கு: "வெப்பம் பிடிக்கும் வாயுக்கள். இவற்றைப் பசுமை இல்ல வாயுக்கள் என்றும் பச்சைவீட்டு வாயுக்கள் என்றும் பாடநூல்கள் சொல்லும்." அதன்பின் கட்டுரை முழுக்க வெப்பம் பிடிக்கும் வாயு என்றே வருகிறது. 15 டிகிரி, மைனஸ் 18 டிகிரிக் கணக்கையும் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா என்று பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

இன்று காலை மறுபடி மகளிடம் கொடுத்தேன். இரண்டு பகுதியையும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "முன்னாடி நான், வாயு அந்த வீட்டுக்குள்ள இருக்குதுன்னு நினைச்சேன். இப்போ பார்த்தா வாயுதான் வீடு, நாமதான் உள்ளே இருக்கோம். அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன்.